மலேசியாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் மக்களவைத் தேர்தலில் வாக்களிக்க என்ன வழி?

கேள்வி: குமரன், செராஸ், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தைச் சேர்ந்தவன். சில ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என் மனைவியும் என்னுடன் இங்கேதான் இருக்கிறார். இருவரிடமும் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. மலேசியக் குடியுரிமை பெறும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஊரில் இருந்தபோது வாங்கிய வாக்காளர் அடையாள அட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். எங்கள் திருமயம் சட்டமன்றத் தொகுதி, மக்களவைக்குச் சிவகங்கைத் தொகுதிக்குள் வருகிறது.

2024 பிப்ரவரியில், என்னுடன் வேலை செய்யும் இந்தோனேசிய நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் உலக வாணிப மையத்தில் நெடுநேரம் வரிசையில் நின்று தங்கள் நாட்டின் அதிபர் தேர்தலில் வாக்களித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு முழுவதும் வாக்களித்தபோது நான் வேலையிடத்தில்தான் இருந்தேன். மொன் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் நாங்கள் வாக்களிக்க முடியுமா? அஞ்சல் வழியாக அனுப்பலாமா? இரண்டும் இல்லையென்றால், ஊரில் எங்கள் பெயர் பட்டியலில் இருக்கும்போது ஊருக்குப் போய் வாக்களிப்பதில் சட்டச் சிக்கல் ஏதேனும் உண்டா? அடுத்த தேர்தலுக்கு முன்னரே இதை ஒழுங்கு செய்துகொள்ள விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் என்னைப் போன்ற பலருக்கும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மீனாட்சி, பிரிக்பீல்ட்ஸ்

குமரன், உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை, இப்போதைக்கு, இல்லை என்பதுதான். வெளிநாட்டில் தனியார் வேலையில் இருக்கும் இந்தியக் குடிமகன் தூதரகத்திலும் வாக்களிக்க முடியாது. அஞ்சலிலும் வாக்குச் செலுத்த முடியாது. வாக்களிக்கும் நாளில் தன் ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் போக வேண்டும். ஆனால் அப்படிப் போவதற்குரிய பதிவு தனியாக உண்டு. மலேசியாவில் நம்மில் பலர் அறியாமல் இருப்பது அந்தப் பதிவைத்தான்.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் எங்கே வழக்கமாக வசிக்கிறாரோ அந்த இடத்து வாக்காளர் பட்டியலில்தான் அவர் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் அந்த வசிப்பிடத் தகுதி போய்விடாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் வேலையில் இருப்பவரைத் தற்காலிகமாகப் போனவர் என்று கொள்வது கடினம். இதனால் நெடுங்காலம் வெளிநாடுவாழ் குடிமக்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லாமல் இருந்தது. 2010இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அது 2011 பிப்ரவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலை, படிப்பு முதலிய காரணங்களுக்காக வெளிநாட்டில் இருக்கும், வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத எவரும், தம் கடவுச்சீட்டில் குறிக்கப்பட்டுள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியில் இருக்கிறதோ அந்தத் தொகுதியில் ‘வெளிநாடுவாழ் வாக்காளர்’ என்று பதிந்துகொள்ளலாம்.

இதற்குரியது படிவம் 6ஏ. கட்டணம் கிடையாது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலேயே நிரப்பி அனுப்பலாம். ஊர் வாக்காளர் பதிவு அலுவலருக்கு அஞ்சலிலும் அனுப்பலாம். ஒளிப்படம், கடவுச்சீட்டில் உங்கள் படமும் இந்திய முகவரியும் உள்ள பக்கங்கள், செல்லுபடியாகும் விசா உள்ள பக்கம் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். அஞ்சலில் அனுப்பினால் நகல்களில் நீங்களே சான்றொப்பம் இட வேண்டும். பிறகு வாக்குச்சாவடி நிலை அலுவலர் உங்கள் ஊர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். ஆகவே வீட்டில் இருக்கும் பெற்றோரிடமோ உறவினரிடமோ முன்கூட்டியே சொல்லி வைப்பது மிகவும் முக்கியம். உறுதி சொல்ல வீட்டில் எவரும் இல்லையென்றால் ஆவணங்களை இங்குள்ள தூதரகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கவும் விதியில் இடமுண்டு. ஆனால் அந்த வழி நாள் பிடிக்கும்.

உங்கள் மூன்றாவது கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பொது வாக்காளராக ஓரிடத்திலும், வெளிநாடுவாழ் வாக்காளராக மற்றோரிடத்திலும் பெயர் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்காது. ஒரே தொகுதியில் இரண்டு முறை பதிவதும் கூடாது. 6ஏ படிவத்தோடு பழைய வாக்காளர் அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும். வெளிநாடுவாழ் வாக்காளருக்குப் புதிய அட்டை தரப்படுவதில்லை. வாக்களிக்கும் நாளில் அசல் கடவுச்சீட்டே உங்கள் அடையாளம். படிவத்தில் பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு என்பதால், பழைய பதிவை மறைத்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டாம். பிற்காலத்தில் நிரந்தரமாக ஊர் திரும்பினால், அதைப் பதிவு அலுவலரிடம் தெரிவித்துப் பொது வாக்காளராக மாறிக்கொள்ளலாம்.

பழைய பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பரில் வெளிவந்தபோது, இடம்பெயர்ந்தவர்கள், இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் என ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. நம்மைப் போல் வீட்டில் இல்லாதவர்களின் பெயர்கள் அவற்றில் எளிதாகச் சேர்ந்திருக்கும்.

காலக்கணக்கு ஒன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். வேட்புமனு செய்வதற்கான கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது. அதற்கு முன்னரும் விண்ணப்பத்தைப் பார்வைக்கு வைத்து மறுப்புரைகள் கேட்க ஒரு வாரம் வேண்டும். 2024இல் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16 அன்று வந்தது. தமிழ்நாட்டில் மனுத்தாக்கல் மார்ச் 27 அன்று முடிந்தது. அறிவிப்பு வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு நேரமே இருக்காது.

மறுமொழி: லோகன், பினாங்கு

தம்பி குமரன், நான் மலேசியக் குடிமகன். எங்கள் நாட்டில் அஞ்சல் வாக்கு எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் “மலேசியர்களுக்கு இருக்கிறதே” என்று இந்திய நண்பர்கள் அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். எங்களுக்கு இருப்பது முழு உரிமை அல்ல.

2013க்கு முன்பு வெளிநாட்டில் இருந்த அரசு ஊழியர்கள், படைவீரர்கள், முழுநேர மாணவர்கள், அவர்களின் வாழ்க்கைத் துணைகள் ஆகியோர் மட்டுமே அப்படி வாக்களிக்க முடிந்தது. 13ஆவது பொதுத் தேர்தலுக்குச் சற்று முன்னர் அது மற்றக் குடிமக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் சிங்கப்பூர், புருணை, தென் தாய்லாந்து, இந்தோனேசியாவின் கலிமந்தான் ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் நேரில் வந்துவிடலாம் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 2022இல் நடந்த 15ஆவது பொதுத் தேர்தலிலும் அந்த விலக்கு நீடித்தது. மலேசியர்கள் மிக அதிகமாக வேலை செய்யும் அயல்நாடே சிங்கப்பூர்தான். என் தம்பி அங்கேதான் இருக்கிறான். ஜொகூரில் வாக்குள்ளவர் பாலத்தைக் கடந்து வாக்களித்துவிட்டு அன்றே திரும்பலாம். பினாங்கில் வாக்குள்ள அவனுக்கு அது இரவு முழுவதும் பேருந்துப் பயணம். லண்டனில் இருப்பவர் அஞ்சலில் வாக்களிக்கலாம், சிங்கப்பூரில் இருப்பவர் முடியாது என்ற ஏற்பாட்டை நான் நியாயமானது என்று ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அஞ்சல் வாக்கு கிடைத்தவர்களுக்கும் காலம் போதவில்லை. 2018இல் வேட்புமனு நாள் ஏப்ரல் 28, வாக்களிப்பு மே 9. வேட்பாளர் யார் என்று தெரிந்த பிறகுதான் வாக்குச்சீட்டு அச்சாகும்; அது வெளிநாடு போய், குறியிடப்பட்டு, ஒரு மலேசியக் குடிமகனைச் சாட்சியாக வைத்து உறுதிமொழிப் படிவம் நிரப்பப்பட்டு, வாக்களிப்பு நாள் மாலை 5 மணிக்குள் தொகுதியின் தேர்தல் அதிகாரியிடம் திரும்பி வந்து சேர வேண்டும். பதினோரு நாளில் இது எப்படி நடக்கும்? பலருக்கு உறையே வாக்களிப்பு நாளை ஒட்டித்தான் கிடைத்தது. அப்போது முன்பின் அறியாதவர்கள் விமான நிலையங்களில் உறைகளை வாங்கித் தாயகம் கொண்டுவந்து, ஊர் ஊராக ஓடிச் சேர்த்தார்கள். 2022இலும் அப்படி நடந்தது. இங்கிலாந்தில் படித்த என் மகளின் உறையும் அந்த வழியில்தான் பினாங்கு வந்து சேர்ந்தது. அந்த இளைஞர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் ஒரு குடிமகனின் வாக்கு பிறரின் நல்ல மனத்தை நம்பி நிற்கக் கூடாது.

ஆகவே இந்தியாவுக்கு அஞ்சல் வாக்கு கேட்பவர்கள், வேட்பாளர் பட்டியல் முடிவாகும் நாளுக்கும் வாக்கு எண்ணும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் கிடைக்கும் என்பதை முதலில் கேளுங்கள். பினாங்கிலிருந்து சென்னைக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானச் சேவை தொடங்கியது. நேரில் போக எண்ணும் வடபகுதித் தமிழர்கள் அதையும் கணக்கில் கொள்ளலாம்.

மறுமொழி: ரஹீம், மஸ்ஜித் இந்தியா

மீனாட்சி சொன்ன சட்ட விவரங்கள் அனைத்தும் சரி. ஆனால் இந்தத் திரியைப் படிப்பவர்களுக்கு ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இவையெல்லாம், கடவுச்சீட்டு தன் கையில் இருப்பவருக்கான விவரங்கள்.

நான் இந்தப் பகுதி உணவகங்களிலும் மளிகைக் கடைகளிலும் வேலை செய்யும் இளைஞர்களோடு நெடுங்காலமாகப் பழகி வருகிறேன். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, திருவாரூர் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலருடைய கடவுச்சீட்டு முதலாளியின் இழுப்பறையில் இருக்கிறது. “தொலைந்துவிடும், நானே வைத்திருக்கிறேன்” என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்வார்கள். மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி, உரிய அதிகாரம் இல்லாமல் பிறர் கடவுச்சீட்டை வைத்திருப்பது குற்றம். இருந்தும் திருப்பிக் கேட்கத் துணிபவர்கள் குறைவு, ஏனென்றால் பெர்மிட் புதுப்பிப்பும் சம்பளமும் அதே முதலாளியின் கையில்தான் இருக்கின்றன. 6ஏ படிவத்துக்கு நகல் எடுக்கக்கூட வழியில்லாத அந்த இளைஞரிடம் போய், “உனக்கு வாக்குரிமை இருக்கிறது” என்று எந்த முகத்தோடு சொல்வது?

கடவுச்சீட்டு கையில் இருந்தாலும் விடுப்பு வேண்டும், பயணச்சீட்டுக்குப் பணம் வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது ஒருமுறை ஊருக்குப் போய் வருபவர்கள் இவர்கள். வாக்களிப்பு நாளைத் தேர்தல் ஆணையம் அறிவிக்கும்போது திருச்சி விமானத்தின் கட்டணமும் உயர்ந்துவிடுகிறது. நேரில் வந்தால்தான் வாக்கு என்ற நிபந்தனை, சட்டப்படி எல்லோருக்கும் ஒன்றுதான். நடைமுறையில் அது வசதி உள்ளவருக்கு மட்டுமே கதவைத் திறந்து வைக்கிறது.

2024 மக்களவைத் தேர்தலில் உலகம் முழுவதிலுமிருந்து வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்திருந்தவர்கள் ஏறத்தாழ 1,19,000 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அவர்களில் 2,670 பேர் கேரளத்தவர்கள். வளைகுடா நாடுகளில் உள்ள மலையாளிகளின் சங்கங்கள் பதிவுக்கும் பயணத்துக்கும் கூட்டாக ஏற்பாடு செய்கின்றன. மலேசியாவில் நம் சங்கங்கள் பொங்கல் விழாவும் கலைநிகழ்ச்சியும் சிறப்பாக நடத்துகின்றன. அதே மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, வருகிற தொழிலாளிகளுக்கு 6ஏ படிவம் நிரப்பித் தர முடியாதா? கைப்பேசியில் படம் எடுத்துப் பதிவேற்றத் தெரிந்த நான்கு பேர் போதும். போய் வாக்களிக்க முடியாதவர்களும் பதிந்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பெயரே பட்டியலில் இல்லாத மக்களுக்காக எந்த அரசும் விதியை மாற்றாது.

மறுமொழி: தமிழ்ச்செல்வி, சைபர்ஜெயா

ரஹீம் பாய் சொல்வதை முழு மனத்தோடு ஏற்கிறேன். விதி எந்தத் திசையில் மாற வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த மாற்றமானாலும் சரி என்று கேட்பது ஆபத்தானது.

முதலில் வந்தது பதிலாள் முறை. வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் ஒருவரை நியமித்து, அவர் வழியாக வாக்களிப்பது. இதற்கான சட்டத்திருத்த மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல், 2019இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. பெண்களின் வாக்கைக் கணவரோ மாமனாரோ முடிவு செய்யும் வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று நமக்குத் தெரியும். வாக்கு இரகசியமானது என்ற ஒரே பாதுகாப்பையும் பதிலாள் முறை எடுத்துவிடும்.

அடுத்தது, மின்னணு வழியில் அனுப்பப்படும் அஞ்சல் வாக்குச்சீட்டு. படைவீரர்களுக்கும், வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்ட இந்திய அரசு ஊழியர்களுக்கும் இது ஏற்கெனவே இருக்கிறது. மொன் கியாராவில் வேலை செய்யும் இந்தியத் தூதரக அதிகாரி இந்த முறையில் வாக்களிக்கலாம். அவரிடம் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் போகும் நாம் வாக்களிக்க முடியாது. வாக்குச்சீட்டு இணைய வழியே வரும். அதை அச்செடுத்துக் குறியிட்டு, சான்றொப்பம் பெற்ற உறுதிமொழியோடு அஞ்சலில் திருப்பி அனுப்ப வேண்டும். வாக்கு எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் அது போய்ச் சேர வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிந்திருந்த ஏறத்தாழ 18 லட்சம் பேரில் 60 விழுக்காட்டினரின் வாக்குச்சீட்டுகள் திரும்பி வந்தன. 543 தொகுதிகளுக்கும் தனித்தனி வாக்குச்சீட்டை எப்படி வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. லோகன் ஐயா சுட்டிக்காட்டிய காலப் பற்றாக்குறையும் இதில் பாதியாகக் குறைகிறது; போகும் பயணம் நொடியில் முடிகிறது, திரும்பும் பயணம் மட்டுமே அஞ்சலில். வெளிநாடுவாழ் வாக்காளர்களுக்கும் இதை விரிவாக்கலாம் என்று தேர்தல் ஆணையமே 2020 நவம்பரில் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. விதி இன்னும் மாறவில்லை.

குமரன் குறிப்பிட்ட இந்தோனேசிய முறையையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ வேண்டாம். அவர்களின் வெளிநாட்டு வாக்குகள் எல்லாம் ஜகார்த்தாவின் ஒரே நாடாளுமன்றத் தொகுதியில் சேர்கின்றன. அதனால் உலகம் முழுவதற்கும் ஒரே வாக்குச்சீட்டு போதும். அப்படி இருந்தும், 2019 ஏப்ரலில் நமக்குப் பக்கத்தில் பாங்கியிலும் காஜாங்கிலும், முன்னதாகவே குறியிடப்பட்ட இந்தோனேசிய வாக்குச்சீட்டுகள் மூட்டை மூட்டையாகக் கண்டெடுக்கப்பட்டன. 2024இல் கோலாலம்பூர் வாக்காளர் பட்டியலிலும் அஞ்சல் வாக்கிலும் முறைகேடுகள் தெரியவந்து, மார்ச் 10 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. இரண்டு முறையும் சிக்கல் பெரிதாக எழுந்தது அஞ்சல் வாக்கில்தான்.

ஒரு கூடத்தில் முப்பது தொழிலாளர்கள் தங்கியிருக்கும் விடுதிக்கு அஞ்சல் உறைகள் வந்தால், அவற்றை முதலில் தொடுவது யார்? கண்காணிப்பாளர்தான். ஆகவே என் முடிவு இது: சைபர்ஜெயாவில் தனி வீட்டில் இருக்கும் என்னைப் போன்றவருக்கு மின்னணு அஞ்சல் வாக்குச்சீட்டு பொருந்தும். விடுதித் தொழிலாளிக்கு, தூதரக அதிகாரியின் முன்னிலையில், தனி மறைப்புக்குள் வாக்குச்சீட்டைக் குறியிட்டு அங்கேயே பெட்டியில் போடும் ஏற்பாடு வேண்டும். கோலாலம்பூரில் மட்டும் அல்ல, பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும் வேண்டும். இணைய வழியே வாக்குச்சீட்டை அனுப்பும் அமைப்பு ஏற்கெனவே இருக்கும்போது, அதைத் தூதரகத்தில் அச்செடுத்துக் கொடுப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குமரன், செராஸ்

அனைவருக்கும் நன்றி. மீனாட்சி அக்கா சொன்னபடி இணையதளத்தில் என் படிவத்தை நிரப்பத் தொடங்கிவிட்டேன். வாக்குச்சாவடி அலுவலர் வரக்கூடும் என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். ரஹீம் பாய், நீங்கள் சொன்ன பதிவு மேசைக்கு ஆள் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. என் மனைவியின் கடவுச்சீட்டு திருமணத்துக்கு முன்பு எடுத்தது. அதில் காரைக்குடியில் உள்ள அவருடைய பெற்றோர் வீட்டு முகவரி இருக்கிறது. அவர் எந்த ஊரில் பதிய வேண்டும்?

மீனாட்சி, பிரிக்பீல்ட்ஸ்

கடவுச்சீட்டில் இப்போது உள்ள இந்திய முகவரிதான் கணக்கு. எனவே அவர் காரைக்குடியில் பதிய வேண்டும். அலுவலர் விசாரிக்க வருவதும் அந்த வீட்டுக்குத்தான். காரைக்குடியும் சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள்தான் இருக்கிறது என்பதால் இருவரும் ஒரே வேட்பாளர்களுக்கு வாக்களிப்பீர்கள், ஆனால் வாக்குச்சாவடிகள் வெவ்வேறு. திருமயத்தில் இருவருக்கும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால், முதலில் கடவுச்சீட்டைப் புதுப்பித்து முகவரியை மாற்றிக்கொண்டு, பிறகு விண்ணப்பியுங்கள். அப்படிப் புதுப்பிக்கும்போது முகவரிப் பகுதியில் செராஸ் முகவரி அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய முகவரி இல்லாத கடவுச்சீட்டைக் கொண்டு 6ஏ படிவம் நிரப்புவது பெரும்பாடாகிவிடும். அவருடைய பழைய வாக்காளர் அட்டை திருமயத்துக்குரியதாக இருந்தால், அந்தப் பதிவின் விவரத்தையும் அவர் படிவத்தில் தவறாமல் குறிப்பிட வேண்டும்.